மழைக்கு ஒரு டென்ட், வெண்பனிக்கு ஒரு டென்ட்

கடைச் சீட்டில் இருக்கும் ‘3 சீசன்’ நம் மலைகளுக்குப் பொருந்துமா? முதுகுச் சுமையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு.

மலையேற்றத்துக்கென்று விற்கும் எந்த டென்ட்டை எடுத்துப் பார்த்தாலும் அதன் உறையில் மூன்று விவரங்கள் இருக்கும். எத்தனை கிலோ, எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை பருவத்துக்கு ஏற்றது. முதல் இரண்டும் அளந்து சொன்னவை. மூன்றாவது அப்படியல்ல. ‘3 சீசன்’ என்றால் வசந்தம், கோடை, இலையுதிர்காலம். ‘4 சீசன்’ என்றால் அவற்றோடு குளிர்காலமும் சேர்த்தி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிறந்த கணக்கு இது. அங்கே டென்ட்டுக்குக் கோடைதான் சுலபமான காலம், குளிர்காலம்தான் பரீட்சை. இந்தியத் துணைக்கண்டத்தில் இது அப்படியே தலைகீழ். ஜூன் மாதம் கேரளத்தில் கால்வைக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையையும் இமயத்தின் தெற்குச் சரிவையும் நனைக்கிறது. டென்ட்டை உண்மையில் வதைக்கும் மாதங்கள் இவைதான். ஆனால் கடைச் சீட்டின்படி இது ‘கோடை’, எந்த டென்ட்டும் தாங்கிவிடும் காலம்.

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இமயமலை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் வருவது குளிர் பயம். ஆகவே குளிரை மனதில் வைத்தே டென்ட் வாங்குகிறோம். ஆனால் குளிரைத் தாங்குவது டென்ட்டின் வேலையே இல்லை. அது ஸ்லீப்பிங் பேக்கும் அடியில் விரிக்கும் மேட்டும் செய்ய வேண்டியது. டென்ட் காக்க வேண்டியவை மூன்று: மேலிருந்து வரும் மழை அல்லது பனி, பக்கவாட்டில் அடிக்கும் காற்று, உள்ளேயே சேரும் ஈரம். நாம் போகும் இடத்தில், போகும் மாதத்தில் இந்த மூன்றில் எது முதலில் வந்து மோதும் என்று பார்த்து, அதைச் சமாளிக்கும் டென்ட்டுகளில் எடை குறைந்ததை எடுப்பதுதான் சரியான வரிசை. பலரும் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், பிறகு பருவத்தைப் பொருத்தப் பார்க்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எடை குறைந்த கதை

1860-களில் ஆல்ப்ஸ் சிகரங்களை ஏறிய எட்வர்ட் விம்ப்பர் தானே வடிவமைத்த டென்ட் சுமார் 10 கிலோ. அதைச் சுமக்கக் கூலியாட்கள் இருந்ததால் அது அவருக்குப் பெரிய சுமையாக இல்லை. அவருக்குப் பின் வந்த மம்மரி, தனியே தூண் எதற்கு என்று பனிக்கோடரியையே நட்டுத் துணியைக் கட்டினார். 1955-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தை 67 வயதில் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட், மழைக்கு வைத்திருந்தது குளியலறைத் திரைச்சீலை ஒன்றுதான். 1990-களில் ரே ஜார்டின் இதையே ஒரு கொள்கையாக்கினார். விண்வெளித் துறையில் பணியாற்றிய அவர், பசிபிக் கிரெஸ்ட் தடத்தில் நடப்பவர்களுக்காக 1992-ல் எழுதிய கையேட்டில் டென்ட்டையே விட்டுவிட்டு தார்ப்பாய் போதும் என்றார். இன்று சந்தையில் இருக்கும் அரைக்கிலோ, முக்கால் கிலோ டென்ட்டுகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது எடை எப்படிக் குறைந்தது என்பதைவிட எங்கே குறைந்தது என்பது. பசிபிக் கிரெஸ்ட் தடத்தின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே கோடையில் மழை அபூர்வம். மழை இல்லாத ஊரில் மழைக்கான ஏற்பாட்டைக் குறைத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. மாறாக, 1971-ல் தொடங்கிய ஸ்வீடனின் ஹில்லபெர்க் நிறுவனம் 1973-ல் ‘கெப்’ என்ற டென்ட்டைக் கொண்டுவந்தது. உள்கூடும் வெளிக்கூரையும் சேர்ந்தே எழும்படி அதை அமைத்தார்கள். மழையிலும் காற்றிலும் நின்றுகொண்டு முதலில் உள்கூட்டைக் கட்டி, பிறகு கூரையைத் தேடிப் போர்த்தும் அவஸ்தை அதில் இல்லை. ஸ்காண்டிநேவிய மலைகளின் ஈரக் காற்றில் பிறந்த யோசனை அது. ஆகவே அந்த வகை டென்ட்டுகள் கொஞ்சம் கனமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு டென்ட்டும் தான் பிறந்த ஊரின் வானிலையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. நாம் வாங்குவது எந்த ஊர் வானிலையை என்று தெரியாமல் எடையை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

துணியில் ஒளிந்திருக்கும் பருவம்

டென்ட்டின் எடையில் பெரும்பங்கு துணி. அதன் கனத்தை டீனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டீனியர். 20 டீனியர் துணியின் நூல் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு 20 கிராம்தான் இருக்கும். இருவர் படுக்கும் நல்ல எடைகுறைந்த டென்ட்டுகள் இந்த 15, 20 டீனியர் துணியும் அலுமினியக் கம்பியும் கொண்டு ஒன்றரையிலிருந்து 2 கிலோவுக்குள் முடிந்துவிடுகின்றன. தடித்த துணியும் ஃபைபர் கிளாஸ் கம்பியும் உள்ள ஆரம்பநிலை டென்ட் இரண்டரை, 3 கிலோ வரை போகும். அடுத்து எல்லோரும் பார்ப்பது மி.மீ. கணக்கு. துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்ற அளவு அது. கூரைக்கு 1,500 மி.மீ. இருந்தால் பெரும்பாலான மழைக்குப் போதும். முழங்கால் ஊன்றும் தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். 3,000, 5,000 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதால் கூரையில் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. தண்ணீர் முதலில் நுழைவது துணி வழியாக அல்ல, தையல் வழியாக. தையலுக்கு மேல் நாடா ஒட்டியிருக்கிறதா அல்லது சிலிகான் பசை பூச வேண்டுமா என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி.

துணியின் வகை இதைவிட முக்கியம். சிலிகான் ஊறிய நைலான்தான் நீண்டகாலமாக எடைகுறைந்த டென்ட்டுகளின் துணியாக இருந்துவருகிறது. எடைக்கு எடை பார்த்தால் கிழிவதைத் தாங்கும் வலு அதற்கு அதிகம். ஆனால் நைலானுக்கு ஒரு குணம் உண்டு: ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலை ஐந்து மணிக்கு மத்தளத் தோலைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டிய கூரை, இரண்டு மணி நேர மழைக்குப் பின் தொய்ந்து தொங்கும். கூரையின் உட்புறத்தில் படிந்த நீர்த்துளிகள் உள்கூட்டின் வலையில் ஒட்டும். நடுராத்திரியில் யாராவது திரும்பிப் படுத்தால் தோள் வலையில் படும். அந்த இடத்திலிருந்து சட்டையும் ஸ்லீப்பிங் பேக்கும் நனையும். தலைவிளக்கை மாட்டிக்கொண்டு மழையில் வெளியே போய் நான்கு மூலைக் கயிற்றையும் மறுபடி இழுத்துக் கட்டினால்தான் தொய்வு போகும். பாலியஸ்டர் ஈரத்தில் அவ்வளவாக நீள்வதில்லை, வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் கூடுதலாகத் தாங்கும். வலு சற்றுக் குறைவு. ஆகவே மழைக்காலத்தில் நடப்பவருக்கு சிலிகான் பூசிய பாலியஸ்டர் நல்லது. வறண்ட குளிரில், காற்றில் நிற்பவருக்கு நைலானின் வலு நல்லது. பாய்மரப் படகுப் போட்டிகளுக்காக உருவாகி இப்போது டைனீமா என்ற பெயரில் வரும் துணி ஈரம் உறிஞ்சாது, நீளாது, எடையும் மிகக் குறைவு. ஆனால் உரசலையும் குத்தலையும் தாங்குவதில் பின்தங்கும்; விலையோ மற்றவற்றைப் போலப் பல மடங்கு.

பருவமழைதான் பரீட்சை

மழைக்கால மலையேற்றம் என்றால் சஹ்யாத்ரி நினைவுக்கு வரும். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ஹரிச்சந்திரகட் போன்ற கோட்டை மலைகளில் கூட்டம் அலைமோதும். அங்கே நேராக விழும் மழை குறைவு. காற்றோடு சாய்வாக அடிக்கும். தரையோ ஊறிப்போன சேறு. இப்படிப்பட்ட இடத்தில் டென்ட் முதலில் தோற்பது விரிக்கும்போதே. சந்தையில் கிடைக்கும் சொந்தக் காலில் நிற்கும் டென்ட்டுகள் பலவற்றில் உள்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல்தான் கூரையைப் போர்த்த முடியும். உள்கூடு வலையால் ஆனது என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே தண்ணீர் தேங்கிவிடும். பிறகு எத்தனை ஆயிரம் மி.மீ. கூரை இருந்தாலும் பயனில்லை. ஆகவே பருவமழைக்கு வாங்குபவர் எடைக்கு முன்னால் கேட்க வேண்டியது, கூரையை முதலில் எழுப்ப முடியுமா, அல்லது இரண்டும் சேர்ந்தே எழுமா என்பது. கூரையின் விளிம்பு தரைக்கு அருகே இறங்கியிருக்க வேண்டும். வாசலில் ஷூவும் நனைந்த பையும் வைக்கும் அளவு முகப்பு வேண்டும். தரைத்துணி பக்கவாட்டில் ஒரு சாண் உயரமாவது ஏறியிருக்க வேண்டும். இவற்றுக்காக 200, 300 கிராம் கூடினால் அதை மறுக்கக் கூடாது.

இமயத்தில் இந்தக் கணக்கை ஒரே பாதையில் காட்டுவது இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்தா கணவாய். மணாலிக்குப் பக்கத்தில் தொடங்கும் பாதை குல்லு பள்ளத்தாக்கின் புல்வெளிகள் வழியே ஏறி, 4,200 மீட்டருக்கு மேல் பீர் பஞ்சால் தொடரைக் கடந்து லாஹௌல் பக்கம் இறங்குகிறது. ஜூலை, ஆகஸ்டில் ஏறும் பக்கம் மழையில் ஊறிக் கிடக்கும். இறங்கும் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், கல்லும் மண்ணுமான வறண்ட மேடு. ஏறும் பக்கத்து இரவுக்குத் தேவையானது மழை தாங்கும் இரட்டை அடுக்கு (உள்கூடும் வெளிக்கூரையும்). இறங்கும் பக்கத்து இரவுக்குத் தேவையானது முளை இறங்காத சரளைத் தரையிலும் நிற்கக்கூடிய கம்பிச் சட்டம். இந்த நடைக்கு ‘கோடைக்கான’ ஒற்றை அடுக்கு டென்ட்டை எடுப்பவர் முதல் இரவிலேயே வருந்துவார். ‘4 சீசன்’ டென்ட்டை எடுப்பவர் ஒரு கிலோவாவது வீணாகச் சுமப்பார். இருவர் பங்கிட்டுச் சுமக்கும் 2 கிலோ இரட்டை அடுக்கு டென்ட் இரண்டு பக்கத்துக்கும் போதும்.

மழைக்காலத்தில் டென்ட்டால் தீர்க்க முடியாத ஆபத்தும் உண்டு. ஒரு சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழை கொட்டினால் அதை மேகவெடிப்பு என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். அப்படிப்பட்ட மழையில் ஓடையோரத்து முகாமை எந்தத் துணியும் காப்பாற்றாது. எங்கே விரிக்கிறோம் என்ற முடிவு, எதை விரிக்கிறோம் என்ற முடிவுக்கு முன்னால் வருகிறது.

மழை இல்லாத இரவிலும் நனையும்

பருவமழை முடிந்த அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மலையேற்றத்துக்கு இதுவே சிறந்த காலம் என்பார்கள். இந்த மாதங்களில்தான் காலையில் எழுந்தால் டென்ட் உள்ளே நனைந்திருப்பதைப் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். கூரை ஒழுகவில்லை. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் வெளிவிடும் ஈரம் ஏறத்தாழ அரை லிட்டர் வரும். தெளிந்த வானத்தின் கீழ் கூரைத் துணி வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதன் உட்புறத்தில் இந்த ஈரம் துளித்துளியாகப் படியும்; வெளிப்புறத்தில் பனித்துளி படியும். பனியை முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவமாகவே பிரித்து வைத்திருந்த நம் பெரும்பொழுதுக் கணக்கு, இந்த விஷயத்தில் கடைச் சீட்டைவிடக் கூர்மையானது. தை மாதத்து ஊட்டியில் ஒருதுளி மழை இல்லாமலே புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதற்கு மருந்து காற்றோட்டம். குளிருகிறதே என்று எல்லாத் திறப்பையும் மூடிவிடுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. மூடினால் உள்ளே ஓரிரு டிகிரி வெப்பம் கூடும். ஆனால் விடிவதற்குள் ஈரம் சேர்ந்து ஸ்லீப்பிங் பேக்கின் இறகு நனையும். நனைந்த இறகு உப்பாது. உப்பாத இறகு சூடு பிடிக்காது. மிச்சம் பிடித்த இரண்டு டிகிரிக்காக அதைவிடப் பெரிய வெப்பத்தை இழக்கிறோம். ஆகவே இந்தப் பருவத்துக்கு வலை உள்கூடும், உச்சியில் திறப்பும், கீழ் விளிம்பில் காற்று நுழைய இடைவெளியும் உள்ள இரட்டை அடுக்கே சரி. ஒற்றை அடுக்கு டென்ட்டில் படியும் துளி நேராக நம் மேல் விழும். இரட்டை அடுக்கில் அது வெளிக்கூரையின் உட்புறமாகவே வழிந்து தரைக்குப் போகும். இடம் தேர்வதும் உதவும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கும், ஆற்றோரம் ஈரம் அதிகம். சற்று மேடான இடத்தில், மரத்தடியில் பனி குறைவு. அடுப்பை டென்ட்டுக்குள் ஏற்றி வெப்பமூட்டும் பழக்கம் மட்டும் எந்தப் பருவத்திலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

காற்று அடிக்கும் வறண்ட மேடு

லடாக்கும் ஸ்பிதியும் வேறு உலகம். லே நகரில் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ.தான். இங்கே கூரைக்கு வேலை குறைவு. கம்பிக்கும் கயிற்றுக்கும்தான் வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது டென்ட்டின் மேல் தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கி.மீ. காற்றில் சும்மா படபடத்த டென்ட், 60 கி.மீ. காற்றில் கம்பியை வளைத்துக்கொள்வது இதனால்தான். பிற்பகலில் பள்ளத்தாக்கு வழியே ஏறும் காற்றுக்கு உயரமான, செங்குத்துச் சுவர் உள்ள டென்ட் எளிதில் இரையாகும். தாழ்வான, காற்றை வழுக்கவிடும் வடிவம் வேண்டும்; குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். எல்லா இழுகயிறுகளையும் முதல் மாலையிலேயே கட்டிவிட வேண்டும். காற்று எழுந்த பிறகு கட்டலாம் என்று பையில் வைத்திருப்பது கயிற்றை வாங்காமல் விடுவதற்குச் சமம்.

எடை பிரியர்கள் விரும்பும் ஊன்றுகோல் டென்ட்டுகள் இங்கேதான் சிக்கலாகின்றன. நடக்கும்போது பிடிக்கும் ஊன்றுகோலையே தூணாக்குவதால் இவற்றில் கம்பியின் எடை மிச்சம். இருவருக்கானதே ஒரு கிலோ அளவில் கிடைக்கும். ஆனால் இவை நிற்பது முழுக்க முளையின் பிடியில். லடாக்கின் சரளையில் முளை பாதி இறங்கும், அல்லது இறங்கிய வேகத்தில் பிடுங்கிக்கொள்ளும். பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றிக் கட்டத் தெரிந்தவர் சமாளிப்பார். தெரியாதவருக்கு, தானே நிற்கும் கம்பிச் சட்டத்துக்காகக் கூடுதலாகச் சுமக்கும் அரைக்கிலோ நியாயமான விலை. வெயிலும் இங்கே ஒரு எதிரி. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். பகலெல்லாம் விரித்தே வைத்திருக்கும் அடிவார முகாமில் மெல்லிய நைலான் கூரை சில பருவங்களிலேயே நைந்துபோகும். இரவில் வலை உள்கூட்டின் வழியே புழுதியும் காற்றும் புகும். பாதி வலை, பாதி துணியாக உள்ள உள்கூடு இந்த நிலத்துக்குப் பொருந்தும்.

வெண்பனிக்கு வாடகை போதும்

குளிர்காலத்தில் கேதார்கந்தா போன்ற பனி நடைகள் இப்போது வெகு பிரபலம். ‘4 சீசன்’ என்ற பெயருக்கு உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது, அதுவும் குளிருக்காக அல்ல, பாரத்துக்காக. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஓர் அடி உயரப் பனி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. 3 சதுர மீட்டர் கூரையில் 90 கிலோ. பெரிய ஆள் ஒருவர் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொள்வதற்குச் சமமான இந்தப் பாரத்தை இரண்டு கம்பிகள் குறுக்கிடும் மெல்லிய டென்ட் தாங்காது. நான்கைந்து கம்பிகள் பல இடங்களில் குறுக்கிட்டு முக்கோணங்களாகப் பாரத்தைப் பகிரும் கோள வடிவம் தாங்கும். கட்டடக்கலையில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பரப்பிய இந்த அமைப்பை 1975-ல் நார்த் ஃபேஸ் நிறுவனம் டென்ட்டுக்குக் கொண்டுவந்தது. இன்றும் உயர்மலை முகாம்களில் நிற்பவை பெரும்பாலும் அதன் வாரிசுகள்தான். கம்பி கூடினால் எடை கூடும். 3 கிலோவுக்குக் குறைவாக இவை கிடைப்பது கடினம்.

ஆனால் இந்த 3 கிலோ டென்ட் உள்ளே தரும் கூடுதல் வெப்பம் ஒருசில டிகிரிதான். பனித் தரையில் உடம்பின் சூடு பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் போகிறது. அதைத் தடுப்பது மேட். அதன் தடுப்புத் திறனை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். பனிமேல் படுக்க 4-க்கு மேல் இருப்பது நல்லது. விலை உயர்ந்த பனி டென்ட்டுக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தில் பாதியை நல்ல மேட்டுக்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் கொடுத்தால் தூக்கம் நிச்சயம். வருஷத்தில் ஒரு வாரம் பனியில் நடப்பவர் பனி டென்ட்டைச் சொந்தமாக வாங்குவதில் எந்தக் கணக்கும் ஒத்துவராது. மணாலி, லே, ரிஷிகேஷ் போன்ற ஊர்களில் மலையேற்றப் பொருட்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கம்பி, ஜிப், தையல் மூன்றையும் கடை வாசலிலேயே விரித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லக்கூடிய மறுப்புகள்

இதற்கெல்லாம் வரக்கூடிய முதல் மறுப்பு, எதற்கு இத்தனை பாகுபாடு, எல்லாவற்றையும் தாங்கும் ‘4 சீசன்’ டென்ட் ஒன்றை வாங்கிவிட்டால் போகிறது என்பது. எல்லாவற்றையும் தாங்கும் டென்ட் என்று ஒன்று இல்லை. பனிப் புழுதி நுழையாமல் இருக்க வலையைக் குறைத்துத் துணியால் மூடிய உள்கூடு, மழைக்கால சஹ்யாத்ரியில் புழுங்கும். அக்டோபர் இரவில் ஈரத்தைச் சேர்க்கும். ஒரு பருவத்தில் பலமாக இருப்பதே இன்னொரு பருவத்தில் குறையாகிறது. மேலும், நாளெல்லாம் சுமந்த கூடுதல் கிலோ முகாமுக்கு வந்து சேரும் நேரத்தையும் தள்ளிப்போடும். இருட்டிய பிறகு, களைத்த கையோடு நிறுத்திய பலமான டென்ட்டைவிட, வெளிச்சத்தில் நல்ல இடம் பார்த்துச் சரியாகக் கட்டிய மெல்லிய டென்ட் பாதுகாப்பானது.

இரண்டாவது மறுப்பு கனமானது: மலையில் பருவம் சொன்னபடி நடப்பதில்லையே? 2014 அக்டோபர் 12-ம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் இரண்டே நாளில் நேபாளத்தை எட்டியது. அன்னபூர்ணா வட்டப்பாதையின் தோரோங் கணவாயிலும் சுற்றியுள்ள மலைகளிலும் பெரும் பனிப்பொழிவாகக் கொட்டி, 40-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. அக்டோபர்தான் அங்கே ‘சிறந்த சீசன்’. அப்படியென்றால் எப்போதும் பலமான டென்ட்டையே சுமக்க வேண்டாமா? இந்தத் துயரம் காட்டுவது வேறு. அந்தப் பாதையில் தங்குவதற்கு விடுதிகள் உண்டு. பலரும் மாட்டிக்கொண்டது கணவாயைக் கடந்து இறங்கும் வழியில், நடந்துகொண்டிருந்தபோது. அங்கே உயிரைக் காத்திருக்கக்கூடியது துணி அல்ல, புறப்படாமல் இருக்கும் முடிவு. வங்கக் கடலில் புயல் உருவானால் அது ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மட்டுமான செய்தி அல்ல, இமயத்தில் இருப்பவருக்கும் செய்தி என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். டென்ட் தேர்வு எதிர்பார்க்கும் வானிலைக்கு. எதிர்பாராத வானிலைக்கு ஒரு நாள் கூடுதல் அவகாசமும் திரும்பிவிடும் மனமும் வேண்டும்.

மெல்லிய டென்ட் சீக்கிரம் கிழியும், விலையும் அதிகம் என்பது மூன்றாவது. பாதி உண்மை. முள்ளும் கூரான கல்லும் உள்ள இடத்தில் அடியில் ஒரு விரிப்பைப் போட்டால் கிழிவது வெகுவாகக் குறையும். விலைக்கு வந்தால், எடையில் கடைசி அரைக்கிலோவைக் குறைக்கத்தான் பணம் பறக்கிறது. 3 கிலோவிலிருந்து 2 கிலோவுக்கு வர ஆகும் செலவைவிட, 2 கிலோவிலிருந்து 1 கிலோவுக்கு வர ஆகும் செலவு பல மடங்கு. 2 கிலோவில் நின்றுகொள்வதே பெரும்பாலோருக்கு லாபம். நிறுவனங்கள் நடத்தும் மலையேற்றங்களில் டென்ட் அவர்களே தருகிறார்களே, நமக்கெதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். அப்படிப் போகிறவர் வாங்கவே வேண்டாம். ஆனால் தரப்படும் டென்ட்டில் மேல் திறப்பு இருக்கிறதா, கூரைக் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருப்பது அவருக்கும் பயன்படும்.

வீட்டு அலமாரியும் ஒரு பருவம்தான்

தமிழ்நாட்டில் வாங்குபவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொரு வானிலை இருக்கிறது, அது வீட்டுக்குள் இருப்பது. மலிவு, நடுத்தர விலை டென்ட்டுகள் பலவற்றில் நீர் புகாமைக்கு பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதையும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில், பையில் இறுக்கிச் சுருட்டிப் பீரோமேல் போட்ட டென்ட்டை இரண்டு வருஷம் கழித்துப் பிரித்தால் துணி பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும். மலையில் ஒரு கீறலும் படாத டென்ட் வீட்டிலேயே செத்துப்போவது இப்படித்தான். துணியின் இருபுறமும் சிலிகான் பூசியது இந்த வகையில் நீடித்து உழைக்கும். எதுவானாலும் ஊர் திரும்பியதும் மின்விசிறிக்குக் கீழே முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகும் பருத்திப் பையில் தளர்வாக வைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் எங்கே விரிக்கப் போகிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டின் காடுகளில் அனுமதியின்றி டென்ட் போட முடியாது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்திலும் வனத்துறையின் வழிகாட்டிகளோடு முன்பதிவு செய்துதான் நடக்க வேண்டும். உத்தரகண்டின் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறவர் தேசியப் பூங்காவுக்குள் தங்க முடியாது. காங்கரியா கிராமத்தில்தான் தங்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் போகிறவருக்கு எடை குறைந்த டென்ட் என்பது வாங்காத டென்ட்தான்.

சொந்தமாகச் சுமந்து நடக்க நினைப்பவருக்கு, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தேர்வு இப்படி இருக்கட்டும்: இரட்டை அடுக்கு, கூரை முதலிலோ சேர்ந்தோ எழும் அமைப்பு, தானே நிற்கும் அலுமினியச் சட்டம், சிலிகான் பூசிய பாலியஸ்டர் கூரை, உச்சியில் திறப்பு, இருவருக்கு 2 கிலோவுக்குள். மே மாதம் முதல் நவம்பர் வரை இந்தியாவின் பெரும்பாலான மலைப்பாதைகளுக்கு இது போதும். வெண்பனிக்கு வாடகை எடுங்கள். உறையில் எழுதியிருக்கும் ‘சீசன்’ எண்ணை நம்பாதீர்கள். நீங்கள் போகும் ஊரின் அந்த மாதத்து மழையையும் காற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.